சீட்டில்லாமல் கொடுத்தவர்

பஞ்சாபகேசன் போய்விட்டார் என்ற செய்தியைக் கொண்டுவந்தவனை நான் முதலில் திட்டினேன். காலை பதினொரு மணி இருக்கும். கிளைவ் தெருவில் எங்கள் ஷேர் தரகர் ஆபீஸில் அன்றைய விலைப் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வேலை பார்த்த தர்மதலா மருந்துக்கடையின் குமாஸ்தா காலிபதோ நனைந்த குடையை மடக்காமலே உள்ளே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றான். "பஞ்சா பாபு ஆர் நேய்" என்றான். பஞ்சா பாபு இனி இல்லை. "என்னடா உளறுகிறாய், நேற்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்துதானே டிராமில் வந்தார், இறங்கும்போது புடலங்காய் வாங்க வேண்டும் என்று சொன்னாரே" என்று தமிழிலேயே கத்தினேன். அவனுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக நின்றான். பிறகு ஆணியில் மாட்டியிருந்த என் கோட்டை அவனே எடுத்துக் கொடுத்தான்.

பவானிபூரில் நம் ஞாயிற்றுக்கிழமை பஜனையில் அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் படிக்கவேண்டும் என்று நீங்கள் என்னைக் கேட்டீர்கள். சிநேகிதன் என்ற முறையில் ஒப்புக்கொண்டேன். ஆனால் உத்தமர், பரோபகாரி என்று அடுக்கிக்கொண்டே போக என்னால் ஆகாது. அவருக்கே அது பிடிக்காது. பஞ்சுவைப் பற்றி நம் எல்லோருக்கும் ஒரே ஒரு குறை உண்டு. பவானிபூரில் நமக்கென்று ஒரு மருந்துக்கடை வைக்கிறேன் என்று இரண்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார், வைக்கவே இல்லை. ஒரு கரண்டி விளக்கெண்ணெய்க்குக்கூட தர்மதலாவுக்கு டிராம் ஏறவேண்டியிருக்கிறதே என்று பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். 'பஞ்சுவுக்கு வாய்தான் உண்டு, தைரியம் போதாது' என்று பஜனை முடிந்து சுண்டல் சாப்பிடும்போது எத்தனை தடவை சிரித்திருக்கிறோம்! கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கேட்டுவிட்டு நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

அவரை நான் முதலில் பார்த்தது பல்வலியோடு. கல்கத்தாவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கன்னம் வீங்கி, கண்ணில் தண்ணீர் வழிய, கண்ணாடி ஜாடிகளில் சிவப்பும் பச்சையுமாய்ச் சாயத் தண்ணீர் வைத்திருந்த அந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தேன். உயரமான தேக்குக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நெற்றியில் கீற்றாக விபூதியோடு ஒருவர் நின்றார். நம்மவர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி வலி போய்விட்டது. "லாடனம் கொடும்" என்றேன். அபினிச் சாறு கலந்த அந்த மருந்தைச் சாப்பிட்டால் வலி தெரியாமல் தூங்கலாம் என்று ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"யாருக்கு?" என்றார்.

"எனக்குத்தான்."

"எத்தனை நாளா வலி?"

"மூணு நாளா."

"இதுவரைக்கும் என்ன போட்டுண்டீர்?"

"ஓய், மருந்து கேட்டா மருந்தைக் கொடும். ஜாதகமா கணிக்கப் போறீர்?"

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "லாடனத்துக்கு டாக்டர் சீட்டு வேணும். இதுக்கு வேண்டாம்" என்று கிராம்பு எண்ணெயும் கொஞ்சம் பஞ்சும் எடுத்து வைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "இத்தனை கேள்வி கேக்கறீரே, நீர் என்ன டாக்டரா?" என்றேன். "இல்லை. அதனாலதான் கேக்கறேன்" என்றார். புட்டியை வாங்கிக்கொண்டு விடுவிடென்று வெளியே வந்தேன். பல்லைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, சண்டையை முடித்துவிட்டு வரலாம் என்று மறுபடி போனேன். முடிந்தபாடில்லை. அப்படித்தான் சிநேகிதமானோம்.

அவர் கடையில் 'கவுண்டர் சரக்கு' என்று ஒரு வார்த்தை உண்டு. டாக்டர் சீட்டு எதுவும் இல்லாமல், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர் கேட்டால் அந்தப் பக்கம் நிற்பவர் எடுத்துக் கொடுத்துவிடலாம், அதற்குத்தான் அந்தப் பெயர். விளக்கெண்ணெய், பேதி உப்பு, யூகலிப்டஸ் தைலம், புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பு, மலேரியா ஜுரத்துக்குக் கொய்னா எல்லாம் கவுண்டர் சரக்கு. அபினி, எட்டிச் சத்து, பாஷாணம் கலந்தவை அப்படியில்லை. சீட்டு வேண்டும், தனிப் புத்தகத்தில் கையெழுத்தும் வேண்டும். மற்றக் கடைகளில் கவுண்டர் சரக்கை வெற்றிலை பாக்கு விற்பது போல விற்றார்கள். பஞ்சு மட்டும் எதற்கும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் விடமாட்டார். யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன கொடுத்தீர்கள். துரைசானிகள் குடையால் தரையைத் தட்டுவார்கள். இவர் காதில் வாங்கவே மாட்டார். கடையில் மட்டுமா? பஜனைக்கு நடுவில் ஜால்ராவை நிறுத்தி, "என்ன மாலி, நேத்திக்கு வயிறு இளகித்தா?" என்று சபையறியக் கேட்டு என் மானத்தை வாங்கியவர் அல்லவா!

என் தொழிலிலும் அப்படி ஒன்று இருப்பதை அவரிடம் நான்தான் சொன்னேன். பெரிய கம்பெனிகளின் பங்குகளுக்கு அச்சடித்த விலைப் பட்டியல் உண்டு. தரகர்கள் வேப்பமரத்தடியில் கூடி நின்று ஊரறியக் கூவி வாங்குவார்கள், விற்பார்கள். பட்டியலில் ஏறாத சின்னக் கம்பெனிப் பங்குகளுக்கு அந்தக் கூவல் கிடையாது. தரகர் மேஜைக்கு மேலே, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு நேராக மாறும். இரண்டு பேரும் பேசி ஒப்புக்கொண்டது எதுவோ அதுதான் விலை. அவர் வார்த்தையைக் கடன் வாங்கி அதையும் நான் கவுண்டர் சரக்கு என்றே சொல்ல ஆரம்பித்தேன். ஆபீஸில் பெங்காலி குமாஸ்தாக்கள்கூடப் பிறகு அப்படித்தான் சொன்னார்கள்.

பஞ்சு அதைக் கேட்டுவிட்டு டிராமில் இரண்டு நிறுத்தம் யோசித்தார். "எங்க கடையில சீட்டு இல்லாததுதான் பயமில்லாத சரக்கு. உங்க கடையில பட்டியல் இல்லாததுதான் பயப்பட வேண்டிய சரக்கு. ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சுட்டீரே!" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா ஒண்ணு. ரெண்டு இடத்துலயும் வாங்கறவனுக்கு விக்கறவன் முகம்தான் ஜாமீன்" என்றார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது. ஆபீஸில் போய்ச் சொல்லிச் சிரித்தேன்.

அவருடைய கேள்விகளை நான் கேலி செய்வதை விட்டது ஒரு நாள் மத்தியானம். பாலிகஞ்சிலிருந்து ஒரு பெங்காலி பாபு குழந்தைக்கு ஓமத் தண்ணீர் வாங்க வந்தார். நான் கவுண்டர் ஓரமாக நின்று பஞ்சுவோடு வம்பளந்துகொண்டிருந்தேன். யாருக்கு என்றார் பஞ்சு. ஐந்து மாதக் குழந்தைக்கு. எத்தனை நாளாக என்றார். அழுகை நின்று பத்து நாள் ஆகிறது, இப்போது பால் குடிப்பதில்லை, சதா தூங்குகிறது என்றார் பாபு. வேறு என்ன கொடுக்கிறீர்கள் என்றார். ஒன்றும் இல்லை, ஆயாதான் பார்த்துக்கொள்கிறாள் என்றார். பஞ்சு ஓமத் தண்ணீர்ப் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லாமல், பாபுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கும் அங்கிருந்து பாலிகஞ்சுக்கும் போய்விட்டார். அழுகையை அடக்க ஆயா கடுகளவு அபினியைத் தினம் குழந்தை நாக்கில் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை பிழைத்தது. ஆயாவை அன்றே துரத்தப் பார்த்தார்கள். பஞ்சு விடவில்லை. "அவ தன் குழந்தைகளுக்கும் இதைத்தான் கொடுத்திருக்கா. தப்புன்னு அவளுக்கு யாரு சொன்னா?" என்று வாதாடி, அவளை உட்கார வைத்து, தெரிந்த பெங்காலியில் அரைமணி நேரம் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். சொல்லாமல் போனதற்கு அன்று கடையில் அரை நாள் சம்பளம் பிடித்தார்கள்.

தினம் சாயங்காலம் எஸ்பிளனேடில் சேர்ந்து டிராம் ஏறுவோம். கடை பற்றிய பேச்செல்லாம் அந்த டிராமில்தான். பெரிய ரஸ்தாவில் மூலை வீட்டுக் கீழ் அறையைப் பார்த்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் முன்பணத்துக்குத் தவணை கொடுத்திருந்தார். கவுண்டருக்கு பௌபஜார் தச்சனிடம் அளவும் கொடுத்தாகிவிட்டது. சாதாரணக் கவுண்டரைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்கவேண்டும் என்பது அவர் கட்டளை. "நம்ம பொம்மனாட்டிகள் குள்ளம் ஓய். தர்மதலாவுல அவாளுக்கு என் நெத்திதான் தெரியறது. முகத்தைப் பார்த்துப் பேசினாத்தானே உள்ளதைச் சொல்லுவா" என்பார். அந்தக் கவுண்டரின் உயரத்தைப் பற்றி மட்டும் ஒரு மாதம் பேசியிருப்பார். எனக்குச் சலித்துப்போகும். இன்றைக்கு அதே பேச்சைக் கேட்க நான் கிடர்பூர் வரை நடக்கத் தயார்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நிலக்கரிக் கம்பெனிகள் மழைக்காலக் காளான் போலக் கிளம்பிய சமயம் அது. எங்கள் முதலாளி ஒரு சின்னச் சுரங்கத்தின் பங்குகளை மொத்தமாக வாங்கிப் போட்டிருந்தார். பட்டியலில் ஏறாத சரக்கு. விலை போகவில்லை. ஒரு திங்கட்கிழமை குமாஸ்தாக்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக் கொடுத்து, மாத முடிவுக்குள் தெரிந்தவர்களிடம் விற்காதவன் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றார். என் மனைவி அப்போது இரண்டாவது பிரசவமாகிப் படுத்திருந்தாள். ஜுரம் விடவில்லை. ஊரில் தகப்பனாரும் இல்லை, நிலமும் இல்லை. எனக்கு வேலை போனால் ஹௌரா ஸ்டேஷனுக்குப் போகிற வண்டிக் கூலிக்குக்கூட வழியில்லை.

அந்த வாரமே பக்கத்து மேஜை குமாஸ்தா என்னிடம் மெதுவாகச் சொன்னான், சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டதாம், வெட்டு நின்று போயிற்றாம் என்று. அது நிஜமா என்று நான் விசாரித்திருக்கலாம். விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற பயம். கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

தெரிந்தவர்கள் யாரும் வாங்கவில்லை. உங்களில் நாலு பேரிடம்கூட வந்து பேசினேன், ஞாபகம் இருக்கலாம். மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது டிராமில் பஞ்சுவிடம் வாயைத் திறந்தேன். நல்ல கம்பெனி, ஆறு மாதத்தில் ஒன்றரை மடங்காகும், கடையை இன்னும் பெரிதாகவே போடலாம் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பணம் இருந்தா நீர் வாங்குவீரா?" என்று ஒன்று மட்டும் கேட்டார். "தாராளமா" என்றேன். அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. வேஷ்டி முடிப்பிலிருந்து பணத்தை எடுத்து என் மேஜைமேல் வைத்து, "கொடும்" என்றார். கடைக்குச் சேர்த்த பணம் அத்தனையும் அது. எத்தனை நாளாக, என்ன ஏது என்று ஆரம்பிப்பார், மாட்டிக்கொள்வேன் என்று பயந்து பத்திரக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு விளக்கெண்ணெய்க்கு மூன்று கேள்வி கேட்கிற மனிதர், அன்று ஒன்றுகூடக் கேட்கவில்லை. பத்திரத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "ஆத்துல ஜுரம் இறங்கித்தா?" என்றார். இறங்கியது என்றேன். "கஞ்சியில உப்பு குறைச்சலாப் போடச் சொல்லும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை பிழைத்தது என்ற சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. இவ்வளவு கெட்டிக்காரர் ஒரு வார்த்தை விசாரிக்காமல் வாங்குவாரா என்று அவர்மேலேயே எரிச்சல்கூட வந்தது. பாருங்கள் என் புத்தியை!

ஒரு வருஷத்துக்குள் கம்பெனி முழுகிப் போயிற்று. நான் அந்த விஷயத்தைச் சொல்ல எஸ்பிளனேடில் நின்றேன். அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "சரி விடும், ஏறும் ஏறும், இடம் போயிடும்" என்று என்னைக் கையைப் பிடித்து டிராமில் இழுத்துக்கொண்டார். பவானிபூர் வரும்வரை ஜகுபாபு பஜாரில் புடலங்காய் விற்கிற விலையைப் பற்றிப் பேசினார். மறுநாள் மூலை வீட்டுக்காரரிடம் போய் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். தச்சனிடமும் ஆள் அனுப்பினார். தாழ்வாகச் செய்த அந்தக் கவுண்டரை ஒரு மிட்டாய்க் கடைக்காரன் வாங்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். எட்டு வருஷமும் அவர் பிறத்தியார் கடையில் நின்றே உழைத்தார். எட்டு வருஷமும் தினம் சாயங்காலம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். 'பஞ்சு, தண்ணீர் ஏறினது எனக்கு முன்னாலேயே தெரியும்' என்று ஒரே ஒரு வாக்கியம். எஸ்பிளனேடில் ஏறும்போது அது என் நாக்கில் தயாராக இருக்கும். மைதானத்தைத் தாண்டும்போது தொண்டைக்கு இறங்கிவிடும். ஜகுபாபு பஜாரில் அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கும்போது நாளைக்குச் சொல்லலாம் என்று முழுங்குவேன். அவர் ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் போதும். அந்தத் திட்டுக்காக நான் ஏங்கியது அவருக்குத் தெரியாதா? பல்வலிக்காரனிடம் அத்தனை கேள்வி கேட்டவர், 'ஏன் ஓய் எனக்கு அதை வித்தீர்?' என்று ஒரு கேள்வி என்னைக் கேட்கவில்லை. நீங்கள் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு 'தைரியம் போதாது' என்று சிரித்தபோது அவரும் கூடவே சிரித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சிரித்தேன்.

அவர் காரியமெல்லாம் ஆகி, பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மட்டும் அவர் வீட்டில் தங்கினேன். பஞ்சுவின் மனைவியை நான் மன்னி என்றே கூப்பிடுவேன். அவள் ஊருக்குப் போவதற்காகச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய தமையனார் அழைத்துப் போக வந்திருந்தார். அவள் போய்விட்டால் அந்த வாக்கியத்தைச் சொல்ல உலகத்தில் யாருமே மிஞ்சமாட்டார்கள் என்று தோன்றியது.

"மன்னி, ஒரு விஷயம். அந்த நிலக்கரிக் கம்பெனி..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமாம், அதுக்கென்ன இப்போ?" என்றாள், பித்தளைக் குடத்தைத் துணியில் சுற்றியபடியே.

"அது உருப்படாதுன்னு எனக்கு முன்னாலயே காதுல விழுந்தது. மறைச்சுட்டேன். மறைச்சுத்தான் அவர் தலையில கட்டினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தெரியும்" என்றாள்.

"உங்களுக்கா?"

"அவருக்கு. நீங்க டிராம்ல சொன்ன மறுநாளே கடைக்கு வந்த ஒரு மார்வாடி கிட்ட விசாரிச்சிருக்கார். அந்தச் சரக்கைத் தொடாதேயும் பாபு, உள்ளே தண்ணின்னு அவன் சொல்லிட்டான். ஆத்துக்கு வந்து எங்கிட்ட சொன்னார். நல்ல காலம், தப்பிச்சோம்னு நான் சொல்லி வாயை மூடலை, 'நாளைக்குப் போய் வாங்கப் போறேன்'ங்கறார்."

கட்டி வைத்திருந்த மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"'மாலி முகத்துல பதினஞ்சு நாளா ரத்தமே இல்லை. வாயைத் திறந்தா பொய் வரது, அவனுக்குப் பொய் சொல்லவே வராது. விக்கலைன்னா வேலை போயிடும்போல இருக்கு. பச்சை உடம்புக்காரியை வெச்சுண்டு எங்கே போவான்? கடை எங்கே ஓடறது, ரெண்டு வருஷம் கழிச்சு வெச்சுக்கலாம்'னார். நான் சும்மா இருந்தேன்னு நினைக்காதேங்கோ. சண்டை போட்டேன். ரெண்டு நாள் பேசலை. அப்புறமும் உங்களைப் பார்த்தா எனக்குப் பத்திண்டு வரும். காப்பி டம்ளரை உங்க முன்னால டக்குனு வெப்பேனே, கவனிச்சிருப்பேளே?"

கவனித்திருக்கிறேன். மன்னிக்குக் கை வேகம் என்று நினைத்திருந்தேன்.

"ஒரு வார்த்தை, தெரியும்னு ஒரே ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கப்படாதா?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன். மனசுல வெச்சுண்டு எதுக்குத் தினம் அவரோட வந்துண்டிருக்கேள், கேட்டுட வேண்டியதுதானேன்னேன்." மன்னி குடத்தைக் கீழே வைத்தாள். "'சொன்னா, மாலி நாளையிலேருந்து வேற டிராம்ல போயிடுவான்'னார்."

இல்லை பஞ்சு, போயிருக்க மாட்டேன் என்று இங்கே எழுத எனக்கு ஆசை. எழுதினால் அது இரண்டாவது பொய்யாகும். போயிருப்பேன். வெட்கத்தில் முதல் வாரம் முன்னால் போகிற டிராமைப் பிடித்திருப்பேன், அடுத்த வாரம் பஜனைக்கு வருவதை நிறுத்தியிருப்பேன், பிறகு உங்களையெல்லாம் பார்த்தால் எதிர்ச்சாரிக்கு மாறியிருப்பேன். என்னை அந்த அளவுக்கு அவர் தெரிந்து வைத்திருந்தார்.

நம் பவானிபூருக்கு மருந்துக்கடை வராமல் போனது பஞ்சாபகேசனுக்குத் தைரியம் போதாமல் அல்ல. என்னால். அவரைப் பார்த்துச் சிரித்த நாம் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். மன்னி நாளை மறுநாள் மதராஸ் மெயிலில் போகிறாள். ஹௌராவுக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள்.

அவருடைய கைப்பெட்டியோ குடையோ எதுவும் நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. எட்டு வருஷத்துச் சாயங்காலங்கள் என்னிடம் இருக்கின்றன. இத்தனை நாளும் அவற்றை நான் அவருக்குச் செய்த துரோகத்தின் வருஷங்களாகவே எண்ணி வந்தேன். இப்போது அப்படி எண்ண முடியவில்லை. கடை போனாலும் போகட்டும், மாலி பக்கத்தில் உட்கார்ந்து வரட்டும் என்று ஒரு மனிதர் நினைத்தார். அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அதற்கு நான் தகுதியானவனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இல்லை.